பிளாஷ் போடாத படம்

1978இல் எங்கள் ஊர் கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி. என் சித்தப்பா மகன் அதில் டிரம்ஸ். நண்பரிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மேடையில் நாலைந்து பல்புகள்தான். இருட்டாக இருக்கிறதே என்று ஒவ்வொரு படத்துக்கும் பிளாஷ் அடித்தேன். பிரிண்ட் வந்ததும் பார்த்தால், மாவு பூசியதுபோல வெளுத்த முகம், பின்னால் கரி இருட்டு. கச்சேரி நடந்த சுவடே இல்லை.

என் தவறு எதுவென்று பணி ஓய்வுக்குப் பிறகுதான் புரிந்தது, நியூயார்க் புகைப்படக்காரர் டேவிட் காட்லிஸைப் பற்றிப் படித்தபோது.

அவருடைய களம் பவரி தெருவில் இருந்த சிபிஜிபி என்ற நீண்டு குறுகிய மதுக்கூடம். ஹில்லி கிறிஸ்டல் 1973 டிசம்பரில் அதைத் தொடங்கினார். கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்ற இசைவகைகளின் எழுத்துகளே அதன் பெயர். ஆனால் அங்கே வளர்ந்தது பங்க் ராக். குழுக்கள் சொந்தப் பாட்டுகளைத்தான் பாட வேண்டும் என்பது கிறிஸ்டலின் விதி. 1974 ஆகஸ்டில் ரமோன்ஸ் குழு அங்கே மேடையேறியது. இரண்டே நிமிடத்தில் முடியும் பாட்டுகள், நிற்காத வேகம். வாசலில் நுழைவுக் கட்டணம் வசூலித்த ராபர்ட்டா பெய்லி எடுத்த படம்தான் 1976இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டின் அட்டையில் வந்தது.

காட்லிஸ் 1976 முதல் அங்கே படம் எடுத்தார். 1930களில் பாரிஸின் இரவுகளைப் படமெடுத்த பிரசாய்தான் அவருக்கு முன்மாதிரி. பிளாஷ் கிடையாது. 400 ஏஎஸ்ஏ கறுப்பு வெள்ளை பிலிம், ஸ்டாண்டு இல்லாமல் கையிலேயே பிடித்த கேமரா. சில சமயம் ஷட்டர் கால் விநாடி வரை திறந்திருக்கும். கை கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கிவிடும். ஆடுகிறவர்கள் கோடாக இழுபடுவார்கள். ஆனாலும் அந்த இடத்தின் வெளிச்சம் அப்படியே பதிவாகும்.

பிளாஷ் செய்வது நேர் எதிர். அதன் ஒளி தூரம் போகப் போக வேகமாகக் குறையும். இரண்டு மடங்கு தூரத்தில் கால் பங்குதான் மிஞ்சும். முன்னால் இருப்பவர் வெளுப்பார், பின்னால் இருப்பவர்கள் மறைவார்கள். மேடை விளக்கோ அதன் முன் எடுபடாது.

2006 அக்டோபர் 15 அன்று பேட்டி ஸ்மித்தின் கச்சேரியோடு சிபிஜிபி மூடப்பட்டது. அந்த இரவுகளை இன்று காட்ட இத்தகைய படங்கள் இருக்கின்றன.

இதைப் படித்ததும் பரணில் இருந்த என் பழைய நெகட்டிவ்களை எடுத்து ஸ்கேன் செய்தேன். ஒன்றில் பிளாஷ் சார்ஜ் ஆகாமல் போயிருக்கிறது. வீண் என்று அன்று பிரிண்ட்கூடப் போடவில்லை. மங்கல்தான். ஆனால் பல்பு வரிசை தெரிகிறது, பாடகரின் முதுகு தெரிகிறது, டிரம்ஸுக்கு மேலே தம்பியின் கை ஒரு கோடாக ஓடுகிறது.

தம்பி போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவன் மகளுக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். "அப்பா இவ்வளவு வேகமாவா வாசிப்பாங்க, பெரியப்பா?" என்று கேட்டாள்.