மோட்டார் ஹோம்: குழாய், சுடுநீர்ப் பழுதுபார்ப்பு (ரொறன்ரோ)

மோட்டார் ஹோம் வண்டியின் நீர்க்குழாய்களையும் சுடுநீர்க் கலனையும் உரிமையாளர் தம் கையாலேயே பழுதுபார்ப்பது ரொறன்ரோவில் பெரும்பாலும் குளிரை எதிர்கொள்ளும் வேலையே. ஜனவரி இரவுகளில் நகரின் வெப்பநிலை உறைநிலைக்குப் பல பாகை கீழே இறங்குகிறது. தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். பம்பின் தலையும் குழாய் மூட்டுகளும் கலனின் சுவரும் அதைத் தாங்குவதில்லை. முகாம் பருவம் மே மாத விக்டோரியா நாளையொட்டித் தொடங்கி, ஒக்டோபர் நன்றியறிதல் நாளோடு ஏறக்குறைய முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வண்டி வீட்டு முற்றத்திலோ வாடகைத் தரிப்பிடத்திலோ நிற்கிறது. கோடையில் கண்ணில் படும் ஒழுக்குகளில் பெரும்பாலானவை அங்கே உண்டானவை.

வண்டிக்குள் தண்ணீர் இரு வழிகளில் வருகிறது. நன்னீர்த் தொட்டியிலிருந்து 12 வோல்ட் பம்ப் இழுக்கும். முகாம்திடலில் ஹோஸை நேரே மாட்டிக்கொள்ளலாம். ஹோஸ் முனையில் அழுத்தத்தை 40 முதல் 50 பி.எஸ்.ஐ.க்குள் அடக்கும் குறைப்பான் கட்டாயம் வேண்டும். இன்றைய வண்டிகளில் பெக்ஸ் எனும் பிளாஸ்டிக் குழாய்கள் உள்ளன. எண்பதுகளில் செய்யப்பட்ட பல வண்டிகளில் சாம்பல் நிறப் பாலிபியூட்டிலீன் குழாய் இருக்கும். அதன் பிளாஸ்டிக் மூட்டுகள் வெடிக்கத் தொடங்கினால் ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுவதைவிட அந்த வரிசை முழுவதையும் பெக்ஸுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

குளிர்காலத் தயாரிப்பு சுடுநீர்க் கலனிலிருந்து தொடங்குகிறது. கலனில் பொதுவாக 6 அல்லது 10 அமெரிக்கக் கேலன், அதாவது ஏறத்தாழ 23 அல்லது 38 லீட்டர் தண்ணீர் 60 பாகையளவு சூட்டில் இருக்கும். எரிவாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்தி, தண்ணீர் ஆறிய பிறகு ஏதாவதொரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்க வேண்டும். வடிகால் அடைப்பானைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டால் கொதிநீர் கையில் பீறிடும். கலன் வடிந்ததும் பைபாஸ் வால்வைத் திருப்பி அதைத் தனிமைப்படுத்தி, இளஞ்சிவப்பு நிற புரொப்பிலீன் கிளைக்கோல் அன்டிஃப்ரீஸைப் பம்பால் இழுத்து, ஒவ்வொரு குழாயிலும் அந்த நிறம் தெரியும்வரை ஓடவிடுவார்கள். கழிப்பறை வால்வும் வெளிப்புற ஷவரும் அடிக்கடி மறந்துபோகும் இடங்கள். வாகன எஞ்சினுக்கான எத்திலீன் கிளைக்கோல் நச்சு; குடிநீர்க் குழாய்க்குள் அது ஒரு துளிகூடப் போகக் கூடாது.

வசந்தத்தில் அதிகம் கேட்கும் முறைப்பாடு, கலனின் எரிவாயு அடுப்பு நன்றாக எரிந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வருகிறது என்பது. பைபாஸ் வால்வைப் பழைய நிலைக்குத் திருப்பாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம். குளிர்ந்த நீர் கலனைச் சுற்றிப்போய்ச் சுடுநீரோடு கலந்துவிடுகிறது. பாகம் எதையும் வாங்குமுன் அந்தக் கைப்பிடியைப் பார்த்துவிட வேண்டும். மின்சாரத்தில் மட்டும் சூடேறவில்லை என்றால், தண்ணீர் நிரம்புமுன் சுவிட்சைப் போட்டதில் சூடேற்றும் கம்பி கருகியிருக்கக்கூடும்.

சபர்பன் நிறுவனக் கலன்கள் உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள எஃகால் ஆனவை. எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கலனைக் காக்கும் ஆனோட் கம்பி அவற்றின் வடிகால் அடைப்பானோடே சேர்ந்திருக்கும். 1 1/16 அங்குல சாக்கெட்டால் அதைக் கழற்றினால், விரல் பருமன் இருந்த கம்பி இடையிடையே குழிவிழுந்து, சில இடங்களில் நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருப்பதைக் காணலாம். முக்கால்வாசி கரைந்திருந்தால் புதியது போட்டு, மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் ரொறன்ரோ நீர் மிதமான கடினத்தன்மை கொண்டது. கலனின் அடியில் படியும் வெள்ளைச் செதில்களை அப்போதே கழுவிவிடலாம். அட்வுட் கலன்கள் அலுமினியத்தாலானவை. அவற்றுக்கு ஆனோட் தேவையில்லை. கிராமத்துக் கிணற்று நீரை நிரப்பிய பின் சுடுநீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், மக்னீசியம் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி உதவும்.

பாதுகாப்பு வால்வு 150 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலோ ஏறத்தாழ 99 பாகையிலோ திறக்கும். கலன் சூடேறும்போது அதில் சொட்டினால் வால்வு கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கலனின் மேற்பகுதியில் இருக்க வேண்டிய காற்றுப் பை தீர்ந்தாலும் சொட்டும். அடுப்பை அணைத்து, நீர் ஆறியபின் வரவை மூடி, குழாயொன்றைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, வால்வின் நெம்பைத் தூக்கி ஓட்டம் நிற்கும்வரை விட்டால் காற்றுப் பை திரும்பிவிடும். அந்தத் துவாரத்தை அடைப்பான் போட்டு மூடுவது கலனை வெடிகுண்டாக்கும் செயல்.

எல்லாக் குழாய்களும் மூடியிருக்க, நடுராத்திரியில் பம்ப் ஒரு கணம் ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பம்பின் ஒருவழி வால்வு சரியாக மூடவில்லை. ஹோஸில் இருக்கும்போது நன்னீர்த் தொட்டி தானாக நிரம்பி வழிந்தால் பழுது அந்த வால்வில்தான்.

தண்ணீர்ப் பக்கத்துக்கு அப்பால் உரிமையாளரின் கை போகக் கூடாது. ஒன்ராறியோவில் எரிவாயுச் சாதனங்களின் வேலை, 2000ஆம் ஆண்டின் தொழில்நுட்பத் தரநிலைகள் மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பரிடம் விடப்பட வேண்டியது; மேற்பார்ப்பது டி.எஸ்.எஸ்.ஏ. ஆணையம். மின்கலம் வலுவிழந்தாலும், புரொப்பேன் குழாயில் காற்று நின்றாலும் அடுப்பு பற்றாமல் சிவப்பு விளக்கு எரியும். இவற்றைத் தாமே பார்க்கலாம். சுவாலை மஞ்சளாகி வெளி மூடியில் கரி படிந்தால், எரிகுழாயில் சிலந்தி வலை அடைத்திருக்கலாம். அடுப்பை நிறுத்திவிட்டுத் தொழில்நுட்பரை அழைக்க வேண்டும். வாயு மணம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, சிலிண்டரை மூடி, தள்ளி நின்று தொலைபேச வேண்டும்.