தையல் அறைப் புத்தகங்கள்

எமது தையல் வகுப்பில் கைமாறிய பின்னல், குரோசே புத்தகங்களும் சஞ்சிகைகளும் பிரித்தானிய அச்சு. அம்மாமாரின் அலுமாரிகளில் இருப்பவையும் பெரும்பாலும் அவையே. இன்று அவை ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் மகள்மாரிடம் போகின்றன.

தெரேஸ் டி தில்மோன் 1886 இல் வெளியிட்ட கைவேலைக் கலைக்களஞ்சியம் செய்முறைகளைப் படங்களுடன் விளக்கியது. 1938 இல் வந்த மேரி தோமஸின் பின்னல் புத்தகமும் அத்தகையதே. ஒரு சட்டைக்கு மட்டும் வழி சொல்லும் சஞ்சிகை அந்தச் சட்டையுடன் முடிந்துவிடும்; இவை முடிவதில்லை. வாங்குவதானால் முதலில் இவற்றையே வாங்குவேன்.

சிக்கல் கடல் கடந்தபின்தான். பிரித்தானியர் 'டபிள் குரோசே' என்பதை அமெரிக்கர் 'சிங்கிள்' என்பர். பிரித்தானிய 'ட்ரெபிள்' அங்கே 'டபிள்'. பின்னல் ஊசி இலக்கமோ தலைகீழ். பழைய பிரித்தானிய முறையில் இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். 8ஆம் இலக்கம் இங்கே 4 மில்லிமீற்றர், அங்கே 5. அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்து அம்மாவின் 8ஆம் இலக்க ஊசியால் பின்னிய தொப்பி பிள்ளையின் தலையை இறுக்கும். (குழந்தைகள் எடுத்துச் சொல்லமாட்டார்கள், அழுவார்கள்!)

ஆகவே அட்டைப் படத்தைப் பார்க்குமுன் அச்சிட்ட நாட்டையும் ஆண்டையும் பாருங்கள். அம்மாவின் புத்தகத்தை அனுப்புபவர்கள் அவருடைய ஊசிகளையும் சேர்த்து அனுப்புங்கள்.