கையெழுத்திடாத தரப்பு: மணமுறிவுச் சமரசத்தில் குழந்தையின் இடம்

விவாகரத்து வழக்குகளில் சமரசத்தை ஆதரிப்போர் விரைவையும் செலவுக் குறைவையும் முன்வைக்கின்றனர்; ஐயுறுவோர் வலுக்குறைந்த தரப்பு பணிந்துபோகும் ஆபத்தைச் சுட்டுகின்றனர். இரு சாராரும் கணவன், மனைவி ஆகிய இருவரையே கருதுகின்றனர். உடன்பாட்டின் விளைவை நெடுங்காலம் சுமக்கும் குழந்தை அதில் கையெழுத்திடுவதில்லை. எனவே மணமுறிவு உடன்பாட்டுக்கும் குழந்தையின் பொறுப்புரிமை உடன்பாட்டுக்கும் ஒரே சட்டத் தகுதி தரலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், 1984, தன் 9-ஆம் பிரிவில் இணக்கத் தீர்வுக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியது. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்த சமரசத்துக்கு இந்தியாவில் முன்னோடியாயிற்று. 2010-இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சமரசத்துக்கு உகந்தவற்றை வகைப்படுத்தியபோது, மணவாழ்க்கைத் தகராறும் பொறுப்புரிமைத் தகராறும் ஒரே வகையில் அடங்கின.

ஆனால் இரண்டின் இயல்பும் வேறு. மணமுறிவு ஒருமுறை முடிவாகிவிடுவது. பொறுப்புரிமை ஆணையையோ, இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, குழந்தையின் விருப்பத்தையும் இயன்றவரை கருதி அவ்வப்போது மாற்றலாம். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்ற 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாக ஜீவனாம்சம், பொறுப்புரிமை உள்ளிட்டவை தீர்ந்திருக்க வேண்டும் என்றது. நோக்கம் நல்லதே. எனினும் சீக்கிரம் பிரிய விரும்பும் பெற்றோர் குழந்தை குறித்த கேள்விகளை அவசரமாக மூடிவிட இந்நிபந்தனையே தூண்டுதலாகலாம். பொறுப்புரிமையைக் கோராதிருக்க ஒருவரும், பிள்ளையின் பராமரிப்புத் தொகையைக் கேளாதிருக்க மற்றவரும் இசையும் பேரம் இவ்விடத்தில்தான் பிறக்கிறது. பராமரிப்பு குழந்தையின் உரிமை. அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கோ தந்தைக்கோ அதிகாரமில்லை.

சமரசச் சட்டம், 2023, உடன்பாட்டுக்குத் தீர்ப்பாணைக்கு நிகரான வலுவை அளிக்கிறது. நீதிமன்றம் அனுப்பாமல் நடக்கும் சமரசத்தில், உடன்பாட்டை எதிர்க்க அச்சட்டம் ஏற்கும் காரணங்கள் மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்கு உட்படாத தகராறு ஆகியவை மட்டுமே. குழந்தையின் நலன் அப்பட்டியலில் இல்லை.

சமரச அறையில் பேசியது வெளியே போகாது என்ற நம்பிக்கையே அம்முறையின் உயிர்நாடி. குழந்தையின் நலனுக்காக நீதிமன்றம் அங்கே துருவத் தொடங்கினால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள் எனலாம். வலுவான மறுப்புதான். ஆயினும் உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒரு பொறுப்புரிமை வழக்கில் இந்த இரகசியத்துக்கு எல்லை வகுத்தது: குழந்தையின் வீட்டுச் சூழல், இயல்பு, பெற்றோருடனான உறவு பற்றிய ஆலோசகரின் அறிக்கையை நீதிமன்றம் கருதலாம். பெற்றோரின் பேச்சைக் காக்கும் இரகசியம், குழந்தையின் நிலையை மறைக்கும் திரையாகாது.

ஆகவே மூன்று மாற்றங்கள் தேவை. குழந்தை தொடர்பான விதிகள் சொத்து, ஜீவனாம்ச விதிகளிலிருந்து பிரிந்து தனிப் பகுதியாக அமைய வேண்டும். கருத்துரைக்கும் வயதுள்ள குழந்தையைக் குடும்பநல நீதிமன்ற ஆலோசகர் தனியே கேட்ட பின்னரே நீதிபதி அப்பகுதியை ஏற்க வேண்டும். பள்ளி மாற்றம், பெற்றோரின் இடமாற்றம் போன்ற கட்டங்களில் மறுபரிசீலனைக்கு உடன்பாட்டிலேயே வழி வேண்டும். இவற்றால் சில வழக்குகள் தாமதமாகும். அத்தாமதத்தை வளர்ந்தவர்கள் ஏற்பதே முறை. அவர்களின் அவசரத்துக்கான விலையைக் குழந்தை செலுத்த வேண்டியதில்லை.