இப்னு மாஜிதின் விரற்கணக்கும் கணினியின் சான்றும்

ஹிஜ்ரி 895ஆம் ஆண்டில் (கி.பி. 1489-90) அஹ்மத் இப்னு மாஜித் தமது 'கிதாபுல் ஃபவாயித்' எனும் கடல்நூலை எழுதி முடித்தார். இன்றைய ராஸல் கைமா பகுதியில் இருந்த ஜுல்ஃபார் துறைமுகத்தைச் சேர்ந்தவர் அவர். பாட்டனாரும் தந்தையாரும் செங்கடலில் மரக்கலம் செலுத்திய குடும்பத்தில் பிறந்தவர். இந்துமாக் கடலின் துறைகள் பலவற்றுக்கும் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை விரல் உயரத்தில் தோன்றும் என்பதை அவரும், அவருக்குப் பின்வந்த சுலைமான் அல்மஹ்ரீயும் எழுதி வைத்துச் சென்றனர்.

இவ்வளவைகள் எந்த அளவுக்குச் சரியானவை? இவ்வினாவுக்கு நம்மிடையே இருவகை விடைகள் வழங்கிவருகின்றன. முன்னோர் கூறிய யாவும் பிழையற்றவை என்று ஆராயாமலே புகழ்வோர் ஒருபுறம். அவை வெறும் மாலுமிகளின் உத்தேசக் கணக்கு என்று ஒதுக்குவோர் மறுபுறம். இன்று கணினி மென்பொருளின் துணையால் ஐந்நூறாண்டுகளுக்கு முந்திய வானத்தைத் திரையில் மீட்டெடுத்து இக்கணக்குகளைச் சரிபார்க்க முடிகின்றது. ஆயினும் சரிபார்ப்பவர் எதைக் கேட்கிறார் என்பதை அறிந்து கேட்டாலன்றிக் கணினி உண்மையைச் சொல்வதில்லை.

விரலும் பலகையும்

அரபுக் கடலோடிகள் நட்சத்திர உயரம் அளப்பதைக் 'கியாஸ்' என்றனர். அதன் அலகு 'இஸ்பஃ', அதாவது விரல். ஒரு விரலின் எட்டில் ஒரு பங்கு 'ஸாம்'. அளக்கும் கருவி 'கமால்' எனப்பட்ட சிறு மரப்பலகை. அதன் நடுவே முடிச்சிட்ட கயிறு ஒன்று கோக்கப்பட்டிருக்கும். பலகையின் கீழ்விளிம்பு அடிவானையும் மேல்விளிம்பு நட்சத்திரத்தையும் தொடும்படி பிடித்து, கயிற்றின் நீளத்தைக் கொண்டு உயரத்தை அறிவர். இக்கருவி சோழமண்டலக் கரைக்கும் அந்நியமானதன்று. 'ராப்பலகை' என்ற பெயரால் தமிழ் மாலுமிகள் இதனையொத்த பலகையைக் கையாண்டனர். துறைமுகங்களுக்கு ஏற்ப முடிச்சிட்ட அக்கயிற்றைப் பற்றிக் காங்ரீவ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1850இல் சென்னை இதழொன்றில் எழுதியுள்ளார்.

ஒரு விரல் எத்தனை பாகை என்பதில்தான் முதற் சிக்கல் எழுகின்றது. வட்டத்தை 224 விரலாகப் பகுத்தால் ஒரு விரல் 1 பாகை 36 கலை (60 கலை ஒரு பாகை). 210 விரலாகப் பகுத்தால் 1 பாகை 43 கலை. இவ்விரு கணக்குகளும் அரபுக் கடல்நூல்களில் பயில்கின்றன. 1836ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தாவில் இவ்வலகின் மதிப்பை ஆராய்ந்தார். துருக்கியக் கடற்படைத் தலைவர் சீதி அலீ ரயீஸ் 1554இல் அஹ்மதாபாத்தில் இயற்றிய 'முஹீத்' என்ற நூலே அவருடைய ஆய்வுக்கு அடிப்படையாய் அமைந்தது.

நிலையாத துருவம்

இரண்டாம் சிக்கல் வானத்திலேயே உள்ளது. துருவ நட்சத்திரம் துருவத்தில் இல்லை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நட்சத்திரங்கள் யாவும் நூற்றாண்டுதோறும் இடம் பெயர்கின்றன. இதனை முஸ்லிம் வானியலார் நன்கறிந்திருந்தனர். அல்பத்தானீ இப்பெயர்ச்சியை 66 ஆண்டுகளுக்கு ஒரு பாகை எனக் கணித்தார். இன்றைய கணிப்பு ஏறத்தாழ 72 ஆண்டுகள். இதன் விளைவாக, இன்று துருவத்திலிருந்து சுமார் 38 கலை தொலைவில் உள்ள அந்நட்சத்திரம், இப்னு மாஜித் காலத்தில் ஏறக்குறைய 3 பாகை 27 கலை விலகி நின்றது. எனவே ஓரிரவில் அது துருவத்தைச் சுற்றி வரும்போது, அதன் உயரம் ஏறத்தாழ ஏழு பாகை அளவுக்கு ஏறி இறங்கும்.

காயல்பட்டினத்தை எடுத்துக் கொள்வோம். அதன் அகலாங்கு வடக்கு 8 பாகை 34 கலை. 1490இல் அங்கு நின்று நோக்கியவருக்குத் துருவ நட்சத்திரம் மிகத் தாழ்ந்த நிலையில் 5 பாகை 7 கலையிலும், மிக உயர்ந்த நிலையில் 12 பாகை 1 கலையிலும் நின்றிருக்கும். நட்சத்திரத்தின் உயரமே அகலாங்கு என்று கொண்ட ஒருவர், முதல் அளவைக் கொண்டு தம்மை இலங்கையின் தென்முனைக்கும் தெற்கே இருப்பதாக எண்ணுவார். இரண்டாம் அளவைக் கொண்டு புதுச்சேரிக்கு நேரே இருப்பதாக எண்ணுவார். ஒவ்வொரு பக்கமும் பிழை 207 கடல்மைல்.

அரபு மாலுமிகள் இப்பொறியில் வீழ்ந்தவரல்லர். நட்சத்திரத்தின் மிகத் தாழ்ந்த உயரத்தையே அவர்கள் துறைமுகத்தின் அளவாகக் கொண்டனர். மற்ற வேளைகளில் அளந்தால், உச்சியில் நிற்கும் சந்திர மன்ஸிலைப் பார்த்து, அதற்குரிய 'பாஷீ' என்ற திருத்தத்தைக் கழித்தனர். இத்திருத்தத்தின் உச்ச அளவு நான்கு விரல். கணினி தரும் ஏற்ற இறக்கம் 6 பாகை 54 கலை. இதனை 210 கணக்கில் வகுத்தால் 4.03 விரல்; 224 கணக்கில் வகுத்தால் 4.29 விரல். கயிறும் பலகையும் கொண்டு பெற்ற ஓர் அளவை, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த கருவி இவ்வளவு நெருக்கமாக உறுதி செய்வது வியப்புக்குரியது. நடைமுறையில் விரலின் மதிப்பு 1 பாகை 43 கலைக்கு அண்மையில் இருந்திருக்கலாம் என்பதற்கும் இது ஒரு குறிப்பாகும். ஆயினும் இவ்வொன்றே முடிந்த சான்றாகாது.

மென்பொருளின் எல்லைகள்

கப்பல்களுக்கென ஆக்கப்பட்ட கணிப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் தற்கால ஆண்டுகளுக்கே உரியவை. பிரிட்டிஷ் கடல் பஞ்சாங்க அலுவலகத்தின் நாவ்பேக் அத்தகையது. பழங்கணக்குகளைச் சோதிக்க ஸ்டெல்லேரியம் போன்ற வானரங்க மென்பொருளை நாட வேண்டும். அதிலும் கவனிக்கத்தக்கவை சில உண்டு. 1490இன் தேதி ஜூலியன் நாட்காட்டிக்குரியது. அதனைக் கிரிகோரியன் தேதியாகக் கொண்டால் ஒன்பது நாள் பிழை நேரும். அதே மணியில் வானம் ஏறத்தாழ ஒன்பது பாகை சுழன்று காணும். அடிவானையொட்டிய நட்சத்திரத்தைக் காற்றுமண்டலம் உயர்த்திக் காட்டும்; ஐந்து பாகை உயரத்தில் இவ்வுயர்வு சுமார் 10 கலை. இவற்றைப் பாராமல் முன்னோரைப் பிழை கூறுவதும் தகாது, அவர்களுக்கு நற்சான்று வழங்குவதும் தகாது.

கடலிலேயே நடந்த சோதனைகளும் உண்டு. டிம் செவரின் என்பார் ஓமானின் சூர் நகரில் பழைய முறையில் கட்டப்பட்ட 'சோஹார்' கப்பலில் 1980-81இல் மஸ்கட்டிலிருந்து சீனத்தின் காண்டன் வரை சென்றார். வழியில் கமாலைக் கையாண்டு பார்த்தார். இப்பயணம் கருவியின் திறனுக்குச் சான்று. நூலில் உள்ள எண்களுக்கு அது சான்றாகாது. ஏனெனில் அவர் அளந்தது நம் காலத்துத் துருவ நட்சத்திரத்தையே. எண்களைச் சோதிக்க அக்காலத்து வானமே வேண்டும். அதனைத் தரவல்லது கணினி ஒன்றே.

கணினியால் தீர்க்க முடியாதவையும் உள. வாஸ்கோ ட காமாவுக்கு 1498இல் வழிகாட்டியவர் இப்னு மாஜிதே என்ற செய்தி, பதினாறாம் நூற்றாண்டின் குத்புத்தீன் அந்நஹ்ரவாலீயின் வரலாற்று நூலிலிருந்து பரவியது. போர்த்துக்கீசிய நூல்களோ ஒரு குஜராத்தியரைக் குறிப்பிடுகின்றன. ஆய்வாளர் பலர் இன்று இக்கதையை ஏற்பதில்லை. இதில் தீர்ப்பளிக்க வேண்டியவை ஏடுகளே.

கடன்பட்டது யார்?

சரிபார்ப்பு என்பது ஒருவழிப் பாதையன்று. சந்திரனின் இடத்தையும் கிரகணங்களின் நேரத்தையும் பின்னோக்கிக் கணிக்க, பூமியின் சுழற்சி எவ்வளவு தளர்ந்துள்ளது என்பது தெரிய வேண்டும். இதனை அறியப் பழைய கிரகணப் பதிவுகளே வழி. கி.பி. 829 முதல் 1004 வரை பக்தாதிலும் கெய்ரோவிலும் முஸ்லிம் வானியலார் கிரகணம் தொடங்கிய, முடிந்த வேளைகளில் சூரியனின் அல்லது ஒரு நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து குறித்தனர். அவற்றுள் பலவற்றைத் தொகுத்துக் காத்தவர் 1009இல் மறைந்த இப்னு யூனுஸ். அவருடைய 'அல்ஸீஜ் அல்ஹாகிமீ' வழியாகவே அவை நம்மை எட்டின. டர்ஹாம் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஸ்டீபன்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வளவைகள் சிறப்பிடம் பெற்றன. கி.பி. 1000ஆம் ஆண்டளவில் பூமியின் கடிகாரத்துக்கும் சீரான காலத்துக்கும் இடையே சுமார் 26 நிமிட வேறுபாடு உண்டென்ற கணக்கு இத்தகைய பதிவுகளிலிருந்து பிறந்தது. இன்றைய மென்பொருள்கள் அக்கணக்கைத் தம்முள் கொண்டே இயங்குகின்றன.

ஆக, இப்னு மாஜிதைச் சோதிக்கும் கணினிக்கு உள்ளேயே இப்னு யூனுஸ் வீற்றிருக்கிறார். தாம் கண்ட அளவை, கண்ட நாளோடும் நேரத்தோடும் மறைக்காமல் பதிந்ததே அவ்வறிஞர்களின் பெருமை. பின்வருவோர் தம்மைத் திருத்த வழிவிட்டுச் சென்றோரை ஆராயாமல் புகழ்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்களுடைய எண்களை மீண்டும் கணக்கிட்டுப் பார்ப்பதே அம்மரபைத் தொடர்வதாகும்.