மலர்க் கண்காட்சி மட்டும்தானா? ஊட்டி பூங்காவுக்கு வரும் காஷ்மீர் விருந்தாளி!

ஊட்டி தாவரவியல் பூங்கா என்றதும் மே மாத மலர்க் கண்காட்சியும், புல்வெளியில் எடுத்த குடும்ப போட்டோவும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், குளிர்காலத்தில் அங்கே ஒரு குட்டி விருந்தாளி வந்து தங்குவது தெரியுமா? பெயர், காஷ்மீர் ஈப்பிடிப்பான்.

யார் இந்த விருந்தாளி?

சுமார் 13 செ.மீ. நீளமுள்ள சின்னப் பறவை. ஆண் பறவைக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள் நிறம், அதன் இரு ஓரங்களிலும் கறுப்புக் கோடு. காஷ்மீரை ஒட்டிய வடமேற்கு இமயமலைக் காடுகளில்தான் கூடு கட்டும். குளிர் தொடங்கும் முன்பே கிளம்பி, நீலகிரி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கையின் மலையகத்துக்கும் வரும். மார்ச் கடைசியில் திரும்பிவிடும். அதனால், மலர்க் கண்காட்சிக்குப் போகிறவர்கள் கண்ணில் படாது! கூடு கட்டும் காடுகள் அழிந்து வருவதால், ஐயுசிஎன் அமைப்பு இதை அழியும் ஆபத்துள்ள பறவைகளில் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளது.

நகரப் பூங்காவில் என்ன வேலை?

இதற்கு வேண்டியது பூச்சிகள், அடர்ந்த புதர், மர நிழல். 1848-ல் தொடங்கி, சுமார் 22 ஹெக்டேரில் விரியும் ஊட்டி பூங்காவில் இவை எல்லாமே இருக்கின்றன. இலங்கையில் நுவரெலியா நகரின் நடுவே உள்ள விக்டோரியா பூங்காவிலும் இதே கதைதான். அங்கே இந்தப் பறவையோடு ஆறுமணிக்குருவியும் குளிர்காலத்தில் வந்து தங்குகிறது.

எங்கே சிக்கல்?

'சுத்தமான' பூங்கா பறவைகளுக்குப் பட்டினிதான். ஆறுமணிக்குருவி சருகைக் கிளறித்தான் புழு, பூச்சி தின்னும். சருகைக் கூட்டி அள்ளி, புதரை வெட்டி, பூச்சிமருந்தும் அடித்துவிட்டால் சாப்பாடு ஏது? ஒரு மூலையையாவது அப்படியே விட்டுவைத்தால் போதும்.

காட்டுக்கு மாற்றா?

இல்லை. நீலகிரி சிரிப்பான் போன்ற, இந்த மலைப்பகுதியை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத பறவைகளுக்குச் சோலைக்காடுதான் ஆதாரம். பூங்கா வெறும் துணை மட்டுமே.

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். உங்கள் ஊர் பூங்காவில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை இ-பேர்ட் செயலியில் பதிந்தாலே போதும். எந்தப் பூங்காவுக்கு எந்தப் பறவை வருகிறது என்பது பதிவில் இருந்தால்தான், அங்கே புதரை வெட்டும்போது வேண்டாம் என்று ஆதாரத்தோடு கேட்க முடியும்.