ஸ்போர்ட்ஸ் கார்களின் எண்ணெய் வடிகட்டி

எண்ணெய் வடிகட்டி என்பது, தானுந்துப் பொறியில் சுற்றிவரும் மசகு எண்ணெயிலிருந்து உலோகத் துகள், கரி, தூசி முதலிய மாசுகளைப் பிரித்தெடுக்கும் உறுப்பு ஆகும். பணிமனைகளிலும் உதிரிப்பாகக் கடைகளிலும் இது ஆயில் ஃபில்டர் என்றே வழங்குகின்றது. ஸ்போர்ட்ஸ் கார்களின் பொறிகள் உயர்ந்த சுழற்சி வேகத்திலும் வெப்பநிலையிலும் இயங்குவதால், அவற்றுக்கான வடிகட்டியைத் தெரிவு செய்வதில் கூடுதல் கவனம் தேவைப்படுகின்றது. பொறியில் திருகிப் பொருத்த முடிகின்ற எல்லா வடிகட்டிகளும் அப்பொறிக்கு ஏற்றவை அல்ல. மரை, கேஸ்கெட்டின் அளவு, பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தம், எண்ணெய் திரும்பி வடிவதைத் தடுக்கும் வால்வு, வடிக்கும் திறன் ஆகிய ஐந்தும் பொறியின் தேவையோடு ஒத்திருத்தல் வேண்டும்.

பணியும் முக்கியத்துவமும்

எண்ணெய்ப் பம்பு, பொறியின் அடித்தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி வடிகட்டிக்குள் செலுத்துகின்றது. வடிகட்டப்பட்ட எண்ணெய், வணரித்தண்டின் தாங்கிகள், நெம்புருள் தண்டு, பிஸ்டன்கள் ஆகியவற்றைச் சென்றடைகின்றது. இயங்கும் தாங்கியில் உலோகப் பரப்புகளைப் பிரித்து வைத்திருக்கும் எண்ணெய்ப் படலம், மிகவும் மெல்லிய இடத்தில் சில மைக்ரோமீட்டர் தடிப்பு மட்டுமே கொண்டது. படலத்தின் தடிப்பை ஒத்த அல்லது அதனைவிடச் சற்றுப் பெரிய துகள்களே அதிகத் தேய்மானத்தை உண்டாக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இத்துகள்களைப் பிடிப்பதே வடிகட்டியின் முதன்மையான பணி ஆகும்.

1988 ஆம் ஆண்டில், அமெரிக்கத் தானுந்துப் பொறியாளர் சங்கத்தின் வெளியீடாக, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. 40 மைக்ரோமீட்டர் அளவினதான வடிகட்டியுடன் ஒப்பிடுகையில், 30 மைக்ரோமீட்டர் வடிகட்டி தேய்மானத்தை 50 விழுக்காடும், 15 மைக்ரோமீட்டர் வடிகட்டி 70 விழுக்காடும் குறைத்ததாக அது காட்டியது.

சாதாரணக் காரிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் வேறுபடுவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, சுழற்சி வேகம். 1999 இல் அறிமுகமான ஹோண்டா எஸ்2000 காரின் 2 லிட்டர் பொறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 9000 சுற்றுகள் வரை இயங்கக் கூடியது. வேகம் கூடும்போது பம்பு தள்ளும் எண்ணெயின் அளவும் கூடுகின்றது. இரண்டாவது, வெப்பம். பந்தயத் தடத்தில் ஓட்டும்போது எண்ணெயின் வெப்பநிலை வழக்கமான நகர ஓட்டத்தைக் காட்டிலும் வெகுவாக உயர்கின்றது. மூன்றாவது, டர்போ ஏற்றி. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய டர்போவின் தண்டும் பொறியின் எண்ணெயையே நம்பியுள்ளது.

வரலாறு

தொடக்க காலத் தானுந்துகளில் எண்ணெய் வடிகட்டி இல்லை. உறிஞ்சு குழாயில் இருந்த கம்பி வலையே போதுமானதாகக் கருதப்பட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த எர்னஸ்ட் சுவீட்லாண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால் ஆகியோர் 1920 களின் தொடக்கத்தில் தானுந்துக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினர். இது பியூரோலேட்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1924 இல் வெளியான முதல் கிரைசுலர் காரில் எண்ணெய் வடிகட்டி இடம்பெற்றிருந்தது. அக்கால வடிகட்டிகள் பலவற்றில் எண்ணெயின் ஒரு பகுதி மட்டுமே வடிகட்டப்பட்டது. முழு எண்ணெயும் வடிகட்டியின் ஊடாகச் செல்லும் முழுப்பாய்வு முறை பின்னர் பரவலானது. கையால் சுழற்றிப் பொருத்தும் உலோகக் குவளை வடிவ வடிகட்டிகள் 1950 களில் அறிமுகமாயின.

உள்ளமைப்பு

சுழற்றிப் பொருத்தும் வடிகட்டி ஒன்றில் பின்வரும் பகுதிகள் உள்ளன:

- வடிதாள்: மடிப்புகளாக அமைந்த தாள். பிசின் ஊட்டிய மரக்கூழ் இழை, செயற்கை இழை, அல்லது இரண்டின் கலவையால் ஆனது. செயற்கை இழைகள் மெல்லியனவாகவும் சீரானவையாகவும் இருப்பதால், சிறு துகள்களைப் பிடித்தும் எண்ணெயின் ஓட்டத்தைக் குறைவாகவே தடுக்கின்றன.
- நடுக்குழாய்: அழுத்தத்தால் தாள் உள்நோக்கி நசுங்காமல் தாங்குவது.
- பைபாஸ் வால்வு: தாள் அடைபட்டாலோ, குளிரில் எண்ணெய் தடித்திருந்தாலோ திறந்து, எண்ணெயை வடிகட்டாமலேயே பொறிக்கு அனுப்புவது.
- திரும்பி வடிவதைத் தடுக்கும் வால்வு: பொறி நின்றபின் வடிகட்டியிலுள்ள எண்ணெய் தொட்டிக்குத் திரும்பாமல் காப்பது. நைட்ரைல் ரப்பராலோ சிலிக்கோனாலோ செய்யப்படுகின்றது. சிலிக்கோன், வெப்பத்தில் இறுகாமல் நீண்ட காலம் நெகிழ்வாக இருப்பதால் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு விரும்பப்படுகின்றது.
- கேஸ்கெட்: பொறியின் பரப்போடு அழுந்தி எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்.

மற்றொரு வகையில் தாள் உருளை மட்டும் மாற்றப்படும். அதன் உறையும் மூடியும் காருடன் நிலையாக இருக்கும். ஐரோப்பியக் கார்களில் இவ்வகை மிகுதி.

தெரிவு செய்யும் முறை

மரை

வடிகட்டிகளில் பரவலாகக் காணப்படும் மரைகளுள் இரண்டு, 20 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட மெட்ரிக் மரையும், முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 சுற்றுகள் கொண்ட மரையும் ஆகும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். எனவே 20 மில்லிமீட்டர் வடிகட்டி, முக்கால் அங்குலத் தண்டின் மீது தளர்வாக ஏறிவிடக்கூடும். மரைகள் முனையளவில் மட்டுமே பற்றியிருப்பதால், எண்ணெய் அழுத்தம் ஏறும்போது வடிகட்டி கழன்று போகலாம். அவ்வாறு நேர்ந்தால் சில நொடிகளில் எண்ணெய் முழுவதும் வெளியேறித் தாங்கிகள் பழுதாகும். சூடான புகைபோக்கிக் குழாயில் எண்ணெய் பட்டால் தீ விபத்தும் ஏற்படலாம். வடிகட்டி கையில் ஆடுவதுபோல் தோன்றினால் அதனைப் பொருத்தக் கூடாது.

பைபாஸ் வால்வின் அழுத்தம்

பைபாஸ் வால்வு, தாளின் இரு பக்கங்களுக்கும் இடையேயுள்ள அழுத்த வேறுபாட்டினால் திறக்கின்றது. பம்பின் உச்ச அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் விடுவிப்பு வால்வு வேறு. இவை இரண்டையும் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. திறக்கும் அழுத்தம் தேவையைவிடக் குறைவாக இருந்தால், உயர் வேகத்தில் வால்வு அடிக்கடி திறந்து மாசுள்ள எண்ணெய் தாங்கிகளுக்குச் செல்லும். தேவையைவிட அதிகமாக இருந்தால், தாள் கிழியவோ நடுக்குழாய் நசுங்கவோ இடமுண்டு. சில பொறிகளில் இவ்வால்வு வடிகட்டியில் இல்லாமல் பொறியிலேயே அமைந்துள்ளது. ஆகவே வெளித்தோற்றம் ஒன்றாக உள்ள இரு வடிகட்டிகள் உள்ளே வேறுபடலாம்.

வடிக்கும் திறன்

பெட்டியில் 20 மைக்ரோமீட்டர் என்று மட்டும் குறிப்பிடுவது முழுமையான தகவல் அன்று. அவ்வளவுள்ள துகள்களில் எத்தனை விழுக்காடு பிடிபடுகின்றன என்பதே அறிய வேண்டியது. ஐஎஸ்ஓ 4548-12 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் இதற்கான சோதனை முறையை வரையறுக்கின்றது. வடிகட்டிக்கு முன்னுள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பின்னுள்ள எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது பீட்டா விகிதம் எனப்படும். பீட்டா 2 என்றால் 50 விழுக்காடும், 20 என்றால் 95 விழுக்காடும், 100 என்றால் 99 விழுக்காடும் துகள்கள் பிடிபடுகின்றன.

அளவு

பெரிய வடிகட்டியில் தாளின் பரப்பு கூடுதலாக இருப்பதால் அது மெதுவாகவே அடைபடும். எனினும் ஸ்போர்ட்ஸ் கார்கள் தரையோடு ஒட்டித் தாழ்ந்திருப்பவை. நீளமான வடிகட்டி வேகத்தடையிலோ கல்லிலோ மோதவும், அருகிலுள்ள புகைபோக்கிக் குழாயைத் தொடவும் கூடும்.

எடுத்துக்காட்டுகள்

மாசுடா எம்எக்சு-5: 1989 இல் வெளியான முதல் தலைமுறைக் காரில் வடிகட்டி, காற்று உள்ளெடுக்கும் குழாய்த் தொகுதிக்குக் கீழே பக்கவாட்டில் படுத்த நிலையில் உள்ளது. இந்நிலையில், திரும்பி வடிவதைத் தடுக்கும் வால்வு தரமற்றதாயின் இரவு முழுவதும் எண்ணெய் வடிந்துவிடும். இப்பொறியின் வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தமே சரிசெய்வதால், காலையில் பொறியை இயக்கும்போது கேட்கும் தட்டும் ஒலி இதனால் நீடிக்கலாம்.

சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்சு: இதன் இஜே வகைப் பொறிக்கு, 160 கிலோபாஸ்கல், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 23 பவுண்டு அழுத்தத்தில் திறக்கும் பைபாஸ் வால்வு குறிப்பிடப்பட்டுள்ளது. சந்தையில் கிடைக்கும் பல வடிகட்டிகள் இதனைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே திறப்பவை. மரை பொருந்தினாலும் அவை இப்பொறியின் வரையறைக்கு உட்பட்டவை அல்ல.

போர்சே 911, 996 வகை: 1997 இல் அறிமுகமான இவ்வகையின் எம்96 பொறியில், அடியிலுள்ள நெகிழிக் குவளைக்குள் தாள் உருளை வைக்கப்படுகின்றது. பைபாஸ் வால்வு அக்குவளையில் உள்ளது. எனவே தாளை மாற்றும்போது வால்வு மாறுவதில்லை. குவளையைத் துடைத்து, வால்வின் நிலையையும் பார்த்தல் வேண்டும்.

பிஎம்டபிள்யூ எம்3, இ46 வகை: 2000 முதல் 2006 வரை விற்பனையான இக்காரும் தாள் உருளை வகையைச் சேர்ந்தது. இதற்கு 10டபிள்யூ-60 என்னும் தடித்த எண்ணெய் பரிந்துரைக்கப்பட்டது. தடித்த எண்ணெய் குளிர்ந்த நிலையில் தாளின் மீது அதிக அழுத்தத்தைத் தருவதால், பொறி சூடேறும் வரை உயர் வேகத்தைத் தவிர்ப்பது நன்று.

பந்தய வடிகட்டிகள்

பந்தயம் என்று பெயரிடப்பட்ட வடிகட்டி எப்போதும் சிறந்தது என்ற கருத்து சரியன்று. அவற்றில் பல, எண்ணெயின் ஓட்டத்தைத் தடுக்காமல் இருப்பதற்கு முதன்மை தருபவை. உலோக உறை தடித்திருக்கும், ஆனால் சிறு துகள்களைக் குறைவாகவே பிடிக்கும். பந்தயப் பொறியின் எண்ணெய் அடிக்கடி மாற்றப்படுவதாலும், பொறியே குறுகிய காலத்தில் பிரித்துச் சீரமைக்கப்படுவதாலும் இது அங்கே பொருந்தும். பல ஆயிரம் கிலோமீட்டர் சாலையில் ஓடும் காருக்கு வடிக்கும் திறன் மிக்க வடிகட்டியே ஏற்றது.

பொருத்துதல்

பழைய வடிகட்டியைக் கழற்றியதும், அதன் கேஸ்கெட் பொறியின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. அதன் மீதே புதியதைப் பொருத்தினால் இரண்டு கேஸ்கெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, அழுத்தத்தில் பிதுங்கி எண்ணெய் பீறிடும். புதிய கேஸ்கெட்டில் சிறிது எண்ணெய் தடவ வேண்டும். கேஸ்கெட் பரப்பைத் தொட்டபின் எவ்வளவு சுழற்ற வேண்டும் என்பது வடிகட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும்; பெரும்பாலும் இது முக்கால் சுற்று ஆகும். பின்னர் பொறியை இயக்கி, அழுத்த விளக்கு அணைவதையும் கசிவு இல்லாததையும் உறுதிசெய்தல் வேண்டும்.

பழைய வடிகட்டியை ஆராய்தல்

கழற்றிய வடிகட்டி, பொறியின் உடல்நிலையை அறிவிக்கும் சான்று ஆகும். உறையை அதற்கான வெட்டியால் திறந்து, தாளை விரித்துப் பார்க்கலாம். காந்தத்தில் ஒட்டும் துகள்கள் எஃகுப் பாகங்களிலிருந்தும், ஒட்டாத பளபளப்பான துகள்கள் தாங்கிகளிலிருந்தோ அலுமினியப் பாகங்களிலிருந்தோ வந்தவையாக இருக்கலாம். எம்96 பொறியின் இடைத்தண்டுத் தாங்கி பழுதடைவது பரவலாக அறியப்பட்ட குறைபாடு ஆகும். தாளில் எஃகுத் துகள்கள் தென்படுவது அதன் முன்னறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், அக்கார்களின் உரிமையாளர்கள் ஒவ்வொரு முறையும் தாளை ஆராய்வது வழக்கம்.

உத்தரவாதமும் கழிவும்

ஐக்கிய அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் உத்தரவாதச் சட்டப்படி, தனது வடிகட்டியை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதை உத்தரவாதத்துக்கான நிபந்தனையாக உற்பத்தியாளர் பொதுவாக விதிக்க முடியாது. அவ்வாறு விதித்தால் வடிகட்டியை இலவசமாக வழங்க வேண்டும். எனினும் பொருந்தாத வடிகட்டியாலேயே பழுது நேர்ந்தது என நிறுவப்பட்டால், அப்பழுதுக்கு உத்தரவாதம் கிடைக்காது. மாற்றிய நாள், ஓடிய தொலைவு, வடிகட்டியின் பாக எண் ஆகியவற்றைக் குறித்துவைப்பது பயன்தரும்.

பயன்படுத்திய வடிகட்டியில் கணிசமான எண்ணெய் தங்கியிருக்கும். சூடாக இருக்கும்போதே அதனைக் கவிழ்த்து வடியவிட்டு, எண்ணெயையும் உலோக உறையையும் மறுசுழற்சிக்கு அனுப்புதல் வேண்டும். சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டினால் நிலத்தடி நீர் மாசடையும்.

இவற்றையும் பார்க்க

- மசகு எண்ணெய்
- உள் எரி பொறி
- வணரித்தண்டு
- டர்போ ஏற்றி