போக்குவரத்து நிலையறிந்து வழிகாட்டும் முறை

சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வாகனங்களின் இருப்பிடத்தையும் வேகத்தையும் அவற்றிலுள்ள கைப்பேசிகளின் வாயிலாகத் திரட்டி, எந்த மார்க்கத்தில் நெரிசல், எதில் சென்றால் விரைவில் சேரலாம் என்பதை அவ்வாகனங்களுக்கே உடனுக்குடன் தெரிவிக்கும் ஏற்பாடு இப்பெயரால் வழங்கும். முன்னே செல்பவரின் தாமதம் பின்னே வருபவருக்குத் தகவலாகப் பயன்படுவதே இதன் விசேஷம்.

ஜப்பானில் 1996-இல் சாலையோரக் கருவிகளையும் வானொலியையும் கொண்டு இதற்கு முன்னோடியான ஒரு சேவை தொடங்கிற்று. இஸ்ரேலில் தன்னார்வலர்களின் வரைபட முயற்சியிலிருந்து வளர்ந்த வேஸ் என்னும் செயலியை 2013-இல் கூகுள் நிறுவனம் வாங்கியது. செயற்கைக்கோள் காட்டும் இடத்தை வரைபடத்துச் சாலையோடு பொருத்தி, துண்டு துண்டாகச் சராசரி வேகம் கண்டு, முந்தைய நாட்களின் வழக்கத்தையும் சேர்த்துக் கணித்த பின்னரே, 1959-இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட குறும்பாதைக் கணிதத்தின் வழிவந்த முறைகளால் மார்க்கம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. கார்கள் அசையாது நிற்கையில் இடுக்கில் புகுந்து போய்விடும் இருசக்கர வாகனங்கள் நம் நாட்டில் மிகுதியாதலால், அவற்றுக்கென ஒரு தனிப் பிரிவை கூகுள் மேப்ஸ் 2017-இல் இந்தியாவில்தான் முதலில் அமைத்தது.

இம்முறையின் பயனும் எல்லையும் திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் தெளிவாகப் புலனாகும். எறும்பீசுவரர் குன்றின் அருகே செல்லும் திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில்தான், 1960-களில் எழுந்த பெல் தொழிற்சாலையிலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் ஷிப்ட் முடித்து வருபவர்களின் வண்டிகளும், தஞ்சைப் பேருந்துகளும், துவாக்குடித் தொழிற்பேட்டையின் லாரிகளும் ஒருங்கே வந்து சேர்கின்றன. இந்நெடுஞ்சாலையில் திருச்சியின் பால்பண்ணைப் பகுதியிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டுமென்று மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். செல்வதற்கு ஒரே சாலை இருக்குமிடத்தில், செயலி காட்டும் சிவப்புக் கோடு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சொல்லுமே தவிர, இல்லாத மாற்றுவழியைத் தரமாட்டாது. குடியிருப்புத் தெருக்களுக்குள் கார்களைத் திருப்பிவிட்டாலோ, எல்லாரும் அதே யோசனையைக் கேட்டு அங்கேயே புகுவதால், சாலை நெரிசல் தெரு நெரிசலாக மாறுவதோடு, வாசலில் விளையாடும் குழந்தைகளுக்கும் ஆபத்து நேரும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மூடப்பட்ட சாலையிலிருந்து வேகத் தகவலே வாராது. அது வெறிச்சோடிக் கிடப்பதன் காரணத்தைக் கணிதம் தானாக அறியாது. திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும், 1976-இல் கட்டப்பட்ட காவிரிப் பாலம் 2022-இன் இறுதியில் மராமத்துக்காக மூடப்பட்டு, 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. இத்தகைய அடைப்பும், வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் காவல்துறை செய்யும் மார்க்க மாற்றமும் உத்தரவினால் நிகழ்பவை. உத்தரவை வரைபடத்தில் யாரேனும் பதிந்தாலன்றி, வெளியூர்ப் பிரயாணி தடுப்புவேலி வரை வந்துதான் திரும்ப நேரிடும். ஆகவே காவல்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் பத்திரிகைகளுக்கு அனுப்பும் அறிவிப்பை அதே நாளில் வரைபட நிறுவனங்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டும்.